ஏரிக்கரையிற் கண்ட பயணிகள்

சென்ற புரட்டாதித் திங்களில் ஒரு நாட்காலை, ரொறன்ரோ நகரின் கீழ்ப்பகுதியாகிய ஸ்காபரோவில், ஒன்ராறியோ ஏரியை நோக்கிய உயர்ந்த மேட்டில் அமைந்த ரோசெற்றா மக்கிளெயின் பூங்காவில், பதினொரு வயதுப் பேரனுடன் உலாவச் சென்றிருந்தோம். மருத்துவர் நடக்கச் சொன்னமையால் நடந்தோமேயன்றி, இயற்கையின் எழிலைப் பருகச் சென்றோம் எனப் பொய்யுரைக்க மாட்டோம்.

ஏரியோரத்து மரமொன்றில் வாடிய இலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஏனைய மரங்கள் பசுமை மாறாது நிற்க, இது மட்டும் இத்துணை விரைவில் வாடியது ஏனென்று எண்ணியவாறு அருகே சென்றோம். முகில் விலகி வெயில் விழுந்தது. வாடிய இலைகள் யாவும் ஒருங்கே சிறகு விரித்தன! செம்மஞ்சள் நிறம், கரிய நரம்புகள், வெண்புள்ளி இட்ட கறுப்பு விளிம்பு. நூற்றுக்கு மேலிருக்கும். ஆங்கிலத்தில் மொனாக், அதாவது மன்னர், எனப்படும் வண்ணத்துப்பூச்சிகள்.

அரைக் கிராம் அளவே நிறையுள்ள இவ்வுயிர், இலையுதிர்காலத்தில் இங்கிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் பறந்து, மெக்சிக்கோவின் மலைக்காடுகளை அடைகின்றது. அவை செல்லுமிடம் நெடுங்காலம் கல்விமான்களுக்குத் தெரியாதிருந்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து விலங்கியலறிஞர் பிரெட் உர்க்கார்ட்டும் அவர்தம் மனைவி நோராவும், சிறகுகளிற் சிறு சீட்டுகளை ஒட்டிப் பறக்கவிட்டுப் பல்லாண்டு தேடினர். முதலில் ஒட்டியவை மழையிற் கழன்று போயினவாம். 1975 தை மாதத்தில், அவர்களுக்கு உதவிய கென் புறகர், கற்றலீனா அகுவாடோ ஆகிய இருவரும், மிச்சோவாக்கான் மாநிலத்து மலைகளில் ஊசியிலை மரங்களை மூடி அவை கோடிக்கணக்கில் அடைந்திருக்கக் கண்டனர். மறு ஆண்டு உர்க்கார்ட் அங்கு சென்றபோது, பாரந் தாங்காது முறிந்து வீழ்ந்த கிளையொன்றில், மினசோற்றாவில் சீட்டு ஒட்டப்பெற்ற பூச்சியொன்று கிடந்ததாம். அம்மலைச்சாரற் குடியானவர்கள் அக்காட்டின் பூச்சிகளை முன்னரே அறிந்திருந்தனர். அவர்களை எவரும் கேட்கவில்லை, அவ்வளவே!

“அம்மப்பா, இதுகள் முந்தி அங்க போயிருக்குதுகளோ?” என்றான் பேரன்.

இல்லை என்றோம். கோடையிற் பிறப்பவை சில கிழமைகளே வாழும். கோடையின் இறுதியில் தோன்றுபவை மட்டும் எட்டு மாதம்வரை உயிர்தாங்கித் தெற்கே செல்லும். வசந்தத்தில் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, வழியில் முட்டையிட்டு மடியும். அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இவ்வேரிக்கரைக்கு வந்து சேரும்.

“அப்ப ஆர் வழி சொல்லிக் குடுக்கிறது?”

சூரியனும் பூமியின் காந்தமும் துணைசெய்வதாக அறிஞர் கூறுவதைச் சொன்னோம். பையன் மனநிறைவு கொண்டதாகத் தெரியவில்லை. நாமுங் கொள்ளவில்லை.

பூங்காவின் ஓரத்தில் பாற்செடி ஒன்று நின்றது. மொனாக்கின் புழு இவ்வினச் செடியையன்றிப் பிறிதெதனையும் உண்ணாது. ஒன்ராறியோவில் 2014 வரை களையெனப் பட்டியலில் இருந்த இதனை, இப்பொழுது நட்டு வளருங்கள் என்கின்றனர். இலையொன்றைக் கிள்ளினோம். விரலில் வெண்பால் ஒட்டிய கணமே எமது எருக்கு நினைவில் எழுந்தது. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகளே. கல்லூரித் திடலின் பின்வேலியில் நின்ற எருக்கில், மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரியிட்ட புழுவைப் பிடித்து, நெருப்புப்பெட்டியில் அடைத்து வகுப்புக்குக் கொணர்ந்தான் எம் தோழன் ஒருவன். மொனாக்கின் நெருங்கிய இனமான வண்ணத்துப்பூச்சியின் புழு அது என்பதை அந்நாளில் யார் அறிந்தார்! பிள்ளையாருக்கு எருக்கம்பூப் பறிக்கவே அனுப்பப்பட்டோம். புழு பிடித்தது நாமாகத் தேடிக்கொண்ட தொழில்.

1986 இல் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, அத்தோழனே புகையிரத நிலையம்வரை வந்தான். “கெதியா வந்திடு, மச்சான்” என்றான். வருவோம் என்றோம். ஊர்ப் பயணம் ஆண்டுதோறும் தள்ளிப் போயிற்று. இவ்விழாவுக்கேனும் வந்துவிட எண்ணியிருந்தோம். நடக்கச் சொன்ன மருத்துவரே பறக்க வேண்டாமென்று தடுத்துவிட்டார். எமக்குப் பதிலாக மகளும் பேரனும் வருகின்றனர். அவன் யாழ்ப்பாணத்தைக் கண்டதில்லை. கல்லூரி வாசல், மண்டபம், கிணறு, பின்வேலி யாவும் குறித்து ஒரு படம் கீறிக் கொடுத்திருக்கின்றோம். வேலி இப்பொழுது மதிலாகிவிட்டதென்று தோழன் தொலைபேசியிற் கூறினான். எருக்கு நிற்கின்றதோ எனக் கேட்க மறந்துபோனோம். பையனைக் காணும் அன்பர் எவரேனும் அவனை அப்பக்கம் அழைத்துச் செல்வாராக.