நுனியில் எரிந்த நெருப்பு

தன் குரலைத் தொலைவுக்கு அனுப்பக் கற்றுக்கொண்ட நாள்முதல் மனிதனை விட்டு நீங்காத ஆசை ஒன்று உண்டு. இன்னும் உரத்துப் பேச வேண்டும் என்பதே அது. பொழுதுபோக்காக நிலையம் அமைத்து உலகோடு உரையாடும் வானொலி ஆர்வலனும் இதற்கு விலக்கானவன் அல்லன். நூறு உவாற்று வலுவிலே தொடங்குபவன் நானூறை நாடுகிறான். நானூறு கைகூடினால் ஆயிரத்தை நாடுகிறான். கூரைக்கு மேலே தொங்கும் கம்பி அவ்வளவையும் தாங்குமா என்று அவன் கேட்பது பெரும்பாலும் பின்னரே.

கேட்கும்போதும் அவன் கண் தவறான இடத்தையே நோக்குகிறது. அரை அலைநீளமுள்ள அன்ரெனாவின் நடுவிலே ஆயிரம் உவாற்று வலுவைச் செலுத்தினால், அங்கு ஓடும் மின்னோட்டம் நான்கு அம்பியருக்கும் குறைவு. சாதாரணச் செப்புக் கம்பிக்கு அது ஒரு சுமையன்று. ஆனால் நுனியை நோக்கிச் செல்லச் செல்ல ஓட்டம் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஓட்டம் அற்றுப்போகும் நுனியிலே அழுத்தம் ஆயிரக்கணக்கான உவோல்ற்றுகளை எட்டுகிறது. ஆகவே, எல்லையை வகுப்பது கம்பி மட்டுமன்று. நுனியைச் சூழ்ந்த காற்றும், அதனைத் தாங்கும் காவலியும், இடையிற் செருகிய சுருள்களுமாகும். காவலியில் உப்பும் ஈரமும் படிந்தால் எல்லை மேலும் தாழும். விட்டுவிட்டு வரும் பேச்சைத் தாங்கும் சுருள், ஓயாது செல்லும் குறிகளால் சூடேறிக் கெடுவதும் உண்டு.

இவ்வுண்மை இரவு வானிலே நெருப்பெழுத்தாகத் தோன்றிய இடம், ஈக்குவடோர் நாட்டின் தலைநகராகிய கீற்றோ. எச்.சி.ஜே.பி. என்னும் கிறித்தவ வானொலி நிலையம் 1931 இல் 200 உவாற்று வலுவுடன் அங்கே தொடங்கப்பட்டது. 1940களின் தொடக்கத்தில் அதன் வலு 10,000 உவாற்றாக உயர்ந்தது. கீற்றோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,850 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள காற்றின் அடர்த்தி, கடற்கரைக் காற்றின் அடர்த்தியில் முக்காற் பங்களவே. மெலிந்த காற்று மின்புலத்துக்கு எளிதில் இடங்கொடுத்துவிடும். அன்ரெனாவின் நுனிகளிலே காற்று அயனாகித் தீச்சுடர்கள் சீறின. அலுமினியக் குழாய்கள் உருகின. ஒலிபரப்பாகிய பாட்டும் பேச்சும் அச்சுடர்களிலிருந்தே ஊரவர் காதில் விழுந்தன என்பர். நுனிகளிற் செப்புக் கோளங்களைப் பொருத்தியும் நெருப்பு அடங்கவில்லை. உலகுக்குப் பேச எழுந்த நிலையம் தன் நாவையே எரித்துக்கொண்டிருந்தது.

அங்கே பொறியியலாளராக இருந்த கிளாரன்ஸ் மூர் தாமும் ஒரு வானொலி ஆர்வலர். வலுவைக் குறைப்பது எளிய வழி. ஆயின் அது நிலையத்தின் நோக்கத்தையே குறைப்பதாகும். 1942 இல் அவர் நூற்கட்டுடன் கடற்கரைக் கிராமம் ஒன்றிற்கு ஓய்வெடுக்கச் சென்றார். நுனியை எவ்வாறு காப்பது என்ற வினா அங்கே வேறொரு வினாவாக மாறிற்று: நுனி எதற்கு? ஓரலைநீளக் கடத்தியைச் சதுரமாக வளைத்து மூடினால் அந்தரத்தில் நிற்கும் முனை என ஒன்று இராது. அழுத்தம் மிகும் இடங்கள் கடத்தியின் இடைப்பகுதியிலேயே அமைந்துவிடும். அவ்வாறு அமைத்த அன்ரெனாவில் நெருப்பு அணைந்தது. 1951 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அவ்வமைப்பையே இன்றும் ஆர்வலர்கள் ‘குவாட்’ என்று போற்றுகின்றனர்.

வலுவை நான்கு மடங்காக்கினால், கேட்பவனின் அளவுகோலிலே குறி ஏறுவது ஒரேயொரு படி. நுனியின் அழுத்தமோ இரு மடங்காகிறது. கீற்றோவின் கதையை அறிந்த ஆர்வலன் இக்கணக்கை மறவான். மழை ஓய்ந்த இரவிலே, புதிய வலுவைச் செலுத்து முன் அவன் முற்றத்துக்கு வந்து நிமிர்ந்து பார்க்கிறான். அவன் பார்வை தேடுவது கம்பியின் நடுவையன்று. இருளில் மறைந்திருக்கும் அதன் நுனியையே.