வாசற்படியில் நின்ற விஞ்ஞானம்

வகுப்பறையில் வாய் ஓயாமல் பகுத்தறிவு பேசிவிட்டு, வீட்டு வாசற்படியில் வாய்மூடி நின்ற ஆசிரியன் ஒருவனை நானறிவேன். அவன் வேறு யாருமல்லன். இதை எழுதும் நானேதான்!

நாஞ்சில் நாட்டுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்தவன் நான். கல்விக்குப் பெயர்பெற்ற மண் இது. மயிலாடியில் ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கியது 1809ஆம் ஆண்டில். சிரிக்க வைத்தே மடமையைச் சாடிய கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்தது எங்கள் ஒழுகினசேரியில், 1908இல். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 91.75 விழுக்காட்டினர் எழுத்தறிந்தவர் என்று தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றது குமரி மாவட்டம். எழுத்தறிந்தோம், ஐயமில்லை. எதை அறிவதற்காக எழுத்தறிந்தோம்?

எங்கள் ஆசிரியர் அறையில் ஓயாத வழக்கொன்று உண்டு. மூத்த கணக்காசிரியர் ஒருவர் சொல்வார்: "சூத்திரத்தை முதலில் நெட்டுருப் போடட்டும்; பொருள் பிறகு தானே விளங்கும். பாடம் முடியாவிட்டால் தேர்வு நமக்காகக் காத்திருக்குமா?" நான் மறுப்பேன்: "பொருளறியாத சூத்திரம் மந்திரமன்றோ? மந்திரத்தை விரட்ட வந்த நாமே மந்திரம் ஓதலாமா?" அவர் அமைதியாகச் சொல்வார்: "ஏழை வீட்டுப் பிள்ளை ஏறிச்செல்ல இருக்கும் ஒரே ஏணி மதிப்பெண். உம்முடைய வாதத்திற்காக அதை ஆட்டிவிடாதீர்!"

அவர் சொல்லில் உண்மை இருந்தது. மனப்பாடமே பகையன்று. பழைய திண்ணைப் பள்ளிப் பையன் முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, மா என்றால் இருபதில் ஒரு பங்கு என்று உருப்போட்டான். எல்லாப் பிள்ளைகளையும் ஏறவிடாத திண்ணை அது. அதைப் போற்ற நான் முன்வரவில்லை. ஆனால், ஏறியவனுக்கு அந்தப் பின்னம் நெற்களத்தில் மரக்கால் பிடித்துப் பங்கு பிரிக்கையில் கைகொடுத்தது. நம் பிள்ளையின் பின்னமோ விடைத்தாளில் பிறந்து, விடைத்தாளிலேயே மடிந்துபோகிறது!

இதை எனக்கு உணர்த்திய நாள் 2010 ஜனவரி 15. அன்று தோன்றிய வளையச் சூரிய கிரகணம், இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீண்டது. இந்தியப் பெருங்கடலின் நடுவே அதன் வளையம் 11 நிமிடங்களுக்கு மேல் நீடித்தது. அதன் பாதை எங்கள் குமரிமுனை வழியே சென்றது. தலைமுறைக்கு ஒருமுறைகூடக் கிட்டாத வாய்ப்பு!

மாட்டுப் பொங்கல் விடுமுறை நாள். நாற்பது மாணவரைப் பள்ளித் திடலுக்கு அழைத்திருந்தேன். வந்தவர் ஒன்பதின்மர். அரையாண்டுத் தேர்வில் கிரகணப் படம் வரைந்து முழு மதிப்பெண் பெற்ற மாணவி வரவில்லை. பின்னர்க் கேட்டபோது தலைகுனிந்து சொன்னாள்: "படம் தெரியும் சார். அம்மா விடவில்லை."

வந்த ஒன்பதின்மரோ வானத்தை வென்றவர்போல் துள்ளினர். காப்புக் கண்ணாடி வழியே முறைவைத்துப் பார்த்தனர். ஒரு பையன் வீட்டுச் சல்லடையைக் கொண்டுவந்திருந்தான். பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் அதை வெயிலில் பிடித்தான். சிமெண்டுத் தரையெங்கும் சின்னஞ்சிறு ஒளி வளையங்கள்! "நிலா ஏன் முழுவதும் மறைக்கவில்லை?" என்றாள் ஒருத்தி. சூரியன் நிலவைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரிது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே அளவாய்த் தெரிகின்றன. அன்றோ நிலவு தன் பாதையில் தொலைவான இடத்தருகே இருந்தது, சற்றே சிறுத்துத் தெரிந்தது, வளையம் மிஞ்சியது. ஓராண்டு முழுதும் கசந்த விகிதக் கணக்கு, ஒரு நொடியில் அவர்களுக்கு இனித்தது.

வெற்றி வீரனாய் வீடு திரும்பினேன். அங்கே என்ன கண்டேன்?

என் மகள் அப்போது ஆறு மாதக் கருவுற்றிருந்தாள். இயற்பியலில் பட்டம் பெற்றவள். காலையிலேயே அறையில் அவளை அடைத்து, சன்னலுக்குச் சாக்குக் கட்டியிருந்தனர். கிரகணம் முடியும்வரை சோறில்லை, தண்ணீரும் இல்லை. நான் புறப்படும்போதே இது நடந்தது. அவள் என்னைத் தான் பார்த்தாள். நான் சொன்னதென்ன தெரியுமா? "ஒரு நாள்தானே மக்களே, பெரியவர்கள் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும்?" கையில் காப்புக் கண்ணாடிப் பையோடு நின்று இதைச் சொன்னேன்!

கிரகணத்தின் நிழலால் கருவுக்குக் கேடில்லை. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பதே கண்ணுக்குக் கேடு. இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கதவு திறந்தது. உலர்ந்த உதட்டோடு வந்தவள் கேட்டது ஒன்றே: "எப்படி இருந்ததப்பா?"

தோழர்களே! அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று, 1976இல் 42ஆம் திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தோம். சட்டத்தில் ஏறியது, என் வீட்டு வாசற்படியில் ஏறவில்லை. அதைத் தடுத்தது படிக்காத பாட்டியின் அறியாமை மட்டுமா? படித்த என் கோழைத்தனமன்றோ!

அதன்பின் என் கற்பித்தல் மாறியது. மாத்தூர்த் தொட்டிப்பாலத்திற்கு மாணவரை அழைத்துச் சென்றேன். 115 அடி உயரம் வரை எழும் 28 தூண்கள்மேல், பறளியாற்றைக் கடந்து செல்லும் நீரைக் காட்டினேன். எந்த எந்திரமும் தள்ளாமல் அது ஓடுவது எவ்வாறு என்று அவர்களையே கேட்டேன். பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி, கடற்கரையில் நின்று, 133 அடி வள்ளுவர் சிலையின் ஏற்றக்கோணம் அளக்கச் செய்தேன். பாடம் முடியாமற் போகவில்லை, மதிப்பெண்ணும் குறையவில்லை. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு கேள்வி சேர்த்தேன்: "இதை உன் வீட்டில் யாரிடம் சொல்லப்போகிறாய்?" மூத்த ஆசிரியரும் அந்தக் கேள்வியை மறுக்கவில்லை.

2019 டிசம்பர் 26. மீண்டும் ஒரு கிரகணம்; குமரியில் அது பிறையளவே. யாரையும் கேளாமல் என் மகள் சல்லடையோடு முற்றத்தில் இறங்கினாள். தரையில் பிறைகள் விழுந்தன. ஒன்பது வயதுப் பேரன் கேட்டான்: "போன தடவை வளையமாமே, நீ பார்த்தாயா அம்மா?"

அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "தாத்தா பார்த்தார்."

இளைஞர்களே, மேடையில் பேசுமுன் உங்கள் வீட்டுச் சன்னலைப் பாருங்கள். அங்கே சாக்குத் தொங்கினால், முதலில் அதை அவிழ்த்தெறியுங்கள்!