பொத்தகத்தில் ஏறாத பெயர்கள்

சென்ற ஆண்டு ஐப்பசியில் என் பேத்திக்குக் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் இறங்கவில்லை. அந்த நாள்களில் என் மனைவி ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அதை அப்போது என்னிடம் சொல்லவில்லை. குழந்தை தேறி, மார்கழி போய், தை பிறந்து, சம்பா அறுப்பும் ஏறக்குறைய முடிந்த பிறகுதான் ஒரு நாள் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள். நேர்ச்சையைத் தள்ளிப்போடுவது அவளுக்குப் பிடிக்காது. மருமகன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"திருச்சியிலிருந்து நேரே போனால் பொழுது ஏறுவதற்குள் போய்விடலாம். ஆனால் ஆற்றை ஒட்டியே போவோமே, மாமா. ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்" என்றார்.

அவர் கட்டடப் பொறியாளர். அணைகளைக் கண்டால் அவருக்குப் பசி தெரியாது. நான் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கல்வெட்டு என்றால் எனக்குப் பசி தெரியாது. என் மனைவிக்கு மாதா இருந்தால் போதும். மூவருடைய விருப்பத்துக்கும் கொள்ளிடம் இடம் கொடுக்கும் என்று கிளம்பினோம்.

காலைப் பனி விலகும் முன்பே கல்லணையை அடைந்தோம். கரிகாலன் கட்டியதென்று நாடறிந்த அணை. அதன் நுட்பத்தை நான் புத்தகத்தில் படித்து மாணவர்க்குச் சொன்னவன். அன்றுதான் ஒரு பொறியாளரின் வாயிலிருந்து கேட்டேன். ஆற்று மணலுக்கு அடியில் பாறை கிடையாது. பெரும் கற்களை மணல்மேல் போட்டிருக்கிறார்கள். நீர் அரிக்க அரிக்க அவை கீழே அமிழ்ந்திருக்கின்றன. அமிழ்ந்த கல்லின்மேல் மறுகல்லை வைத்து, இடையே களிமண்ணைப் பூசி, கல் தானாக நிலைகொள்ளும்வரை அடுக்கியிருக்கிறார்கள். "மணல் தள்ளிய இடத்தில் நிற்க ஒப்புக்கொண்ட அணை, மாமா. ஆற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை" என்றார். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இந்த முறையைக் கண்டு வியந்து, இதன் பாடத்தைப் பின்னாளில் கோதாவரிக்கும் எடுத்துச் சென்றார் என்பதையும் சொன்னார். அவர் எப்போதும் காட்டன் கட்சி. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து சாலை காவிரிக் கரையோடு கிழக்கே போகிறது. பாதிச் சாலையில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். மறுபாதியில் வைக்கோல். கார் நெல்லின்மேல் ஏறாமலிருக்க மருமகன் பட்ட பாடு பெரும்பாடு. திருக்காட்டுப்பள்ளி கடந்து, 1999இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட பூண்டி மாதா திருத்தலத்தில் காலைத் திருப்பலி கண்டோம். திருவையாற்றில் தியாகராசர் சமாதியில் சற்று நேரம் நின்றோம். 1847இல் மறைந்த அந்த இசைப் பெரியவரின் ஆராதனைப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின் அசோகா அல்வா. இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

திருவையாற்றுக்கு வடக்கே கொள்ளிடப் பாலம். தை மாதக் கொள்ளிடத்தில் தண்ணீரைவிட மணலே மிகுதி. வெண்மணலுக்கு நடுவே நாலைந்து நீர்க்கோடுகள். பாலத்தைக் கடந்தால் திருமானூர். அங்கிருந்து மேற்கே திரும்பினால் திருமழபாடி. கிழக்கே ஓடும் கொள்ளிடம் அந்த ஊரருகே வடக்கே திரும்பி ஓடுகிறது. பங்குனியில் அங்கே நடக்கும் நந்தி கல்யாணத்தைப் பார்த்தவர்க்கு முந்திக் கல்யாணம் என்று பக்கத்து ஊர்களில் சொல்வழக்கு உண்டு. என் மனைவி அதைக் கேட்டுச் சிரித்து, "நமக்குத்தான் எல்லாம் ஆகிவிட்டதே" என்று வாகனத்திலேயே அமர்ந்துகொண்டாள். நானும் மருமகனும் உள்ளே போனோம்.

நான் அங்கே தேடிப் போனது ஒரு செய்தியை. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் இக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிக்குமுன், பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் பொத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஆணையிட்டான். கட்டி முடித்தபின், அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், பொத்தகத்தைப் பார்த்து அந்த எழுத்துகளைப் புதிய சுவரில் மறுபடி வெட்டினார்கள். இவ்வளவையும் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "பாருங்கள், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே!" என்று குரலை உயர்த்திச் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சுவரில் கை வைத்து நின்றபோது குரல் எழவில்லை. மண்டபத்தில் அமர்ந்து மருமகனிடம் ஒரு கதையைச் சொன்னேன். என் மகளுக்குக்கூட அதை நான் சொன்னதில்லை.

எங்கள் சொந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே ஒரு பழைய ஆலயம் இருந்தது. சுண்ணாம்பை அரைத்துக் கட்டிய சுவர். தேக்கு விட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய கூரை. மழை பெய்தால் பீடத்தின் மேலேயே ஒழுகும். 2008இல் அதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவதெனப் பங்குப் பேரவை முடிவு செய்தது. நான் பேரவைச் செயலாளன். தீர்மானத்தை என் கையால் எழுதினேன். பிழையில்லாத ஆறு வரி. கூரையைப் பற்றியும், மக்கள்தொகை பெருகியதைப் பற்றியும், கட்டட நிதியைப் பற்றியும் எழுதினேன்.

அந்த ஆலயத்தில் சக்கிறீஸ்துவுக்குள் போகும் வாசலருகே, தரையோடு தரையாக ஒரு கருங்கல் பலகை பதித்திருந்தது. பழைய ஆலயத்தைக் கட்டக் கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. கொடுத்ததும் எழுதியிருந்தது. ஒருவர் இரண்டு கலம் நெல். ஒருவர் ஐந்து வண்டி மணல். ஒருவர் பனங்கை இருபது. முப்பது பெயருக்குக் குறையாது. சிறுவனாக இருந்தபோது, மறையுரை நீளும் ஞாயிறுகளில் அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருப்பேன். எனக்கு எழுத்து கற்பித்த முதல் பலகை பள்ளிக்கூடத்தில் இருக்கவில்லை என்றே சொல்லலாம்.

இடிக்கும்போது மேஸ்திரி வந்து, "சார், அந்தக் கல்லை என்ன செய்ய?" என்று கேட்டார். "ஓரமாக வையுங்கள்" என்றேன். அன்று பள்ளியில் தேர்வு வேலை. அவர் ஓரமாகத்தான் வைத்தார். ஓரமாகக் கிடந்ததையெல்லாம் மறுவாரம் உடைத்து அடித்தளக் குழியில் கொட்டினார்கள். யாரும் படம் எடுக்கவில்லை. என் சட்டைப்பையிலேயே கைப்பேசி இருந்தது. பங்குத்தந்தையைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எங்கள் ஊருக்கு வந்து எட்டு மாதமே ஆகியிருந்தது. கல்லை அறிந்தவன் நான்தான்.

புதிய ஆலயத்திலும் ஒரு பலகை இருக்கிறது. வெள்ளைப் பளிங்கு, பொன்னெழுத்து. அதில் என் பெயர் நான்காவது.

மருமகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பழைய கட்டடத்தை இடிக்குமுன் நாங்களும் அளவெடுப்போம், மாமா. ஆனால் அது கூலி கணக்குப் பார்க்க" என்றார். ஆறுதல் சொல்லாமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது.

வந்த வழியே திருமானூருக்குத் திரும்பி, கிழக்கே ஏலாக்குறிச்சிக்குப் போனோம். வடகரையில் உள்ள இந்தச் சிற்றூர்தான் வீரமாமுனிவரின் திருக்காவலூர். இத்தாலியில் 1680இல் பிறந்த அந்த இயேசு சபைத் துறவி, இந்த மாதாவின்மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். 3615 பாடல் கொண்ட தேம்பாவணியையும், 1732இல் சதுரகராதியையும் நமக்குத் தந்தார். ஆசிரியன் என்ற முறையில் அவருடைய சிறு பணியொன்று எனக்குப் பெரிதாகத் தோன்றுவதுண்டு. ஓலையில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி இருந்தன. அவற்றைக் கண்ணால் பிரித்தறிய அவர் வகை செய்தார். இன்று நாம் தயங்காமல் படிக்கும் ஒவ்வொரு நெடிலிலும் அந்தப் புண்ணியம் இருக்கிறது.

என் மனைவி உப்பும் மிளகும் மெழுகுவர்த்தியும் வைத்து, முழந்தாளிட்டு, நெடுநேரம் செபித்தாள். அரியலூரை ஆண்ட மழவராயர் பிளவைக் கட்டியால் துன்புற்று, முனிவரின் மருத்துவத்தாலும் மாதாவின் அருளாலும் நலம் பெற்று, ஆலயத்துக்கு நிலம் கொடுத்தார் என்பது இத்தலத்தின் வழிவழிச் செய்தி. அந்தக் கொடையைச் சொல்லும் கல்வெட்டு அங்கே காக்கப்படுகிறது. வேற்றுச் சமயத்து அரசர் ஒருவர் கொடுத்ததைச் சொல்லும் கல்லை நம்மவர் காத்திருக்கிறார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என்னால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரவு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் காலை ஆற்றங்கரை ஊர்கள் வழியே கிழக்கே போகையில், ஸ்ரீபுரந்தான் என்ற சிற்றூரில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அங்கே ஒரு சோழர் காலச் சிவன் கோயில். அதன் நடராசர் செப்புத்திருமேனி 2006இல் களவு போயிற்று. 2008இல் ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடம் அதைப் பெரும்பணம் கொடுத்து வாங்கியது. 2014இல் அந்நாட்டுப் பிரதமரே இந்தியாவுக்கு வந்து அதைத் திருப்பிக் கொடுத்தார். இன்ன ஊர்த் திருமேனி இதுவென்று காட்ட உதவியவை, களவுக்கு முன்பே புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த நிழற்படங்கள். வெளியூரிலிருந்து யாரோ வந்து, பதிந்துகொண்டு போயிருக்கிறார்கள். நான் வாய் திறக்கவில்லை. மருமகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் வெயில் ஏறிவிட்டது. இராசேந்திரன் தன் புதிய தலைநகரில் எழுப்பிய பெருங்கோயில். 2004இல் உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தது. விமானத்தின் வளைவு தஞ்சைக் கோயிலைவிட மென்மையானது. நான் பார்க்க விரும்பியது சுற்றுமதிலை. பெரும்பகுதி இல்லை. தெற்கே அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, 1836இல், கும்பினி அரசின் பணியாளர்கள் இந்த மதிலைப் பெயர்த்துக் கற்களைக் கொண்டுபோனார்கள். ஊர்மக்கள் தடுத்துப் பார்த்தார்கள். தண்டனைதான் கிடைத்தது. கல்மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட குறிப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது.

"இது உங்கள் காட்டன் துரை செய்தது" என்றேன்.

"அணையையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், மாமா" என்றார் மருமகன்.

பார்த்தேன். கீழணையிலிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியின் நீரைச் சென்னையில் என் மகள் குடிக்கிறாள். இரு கரையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் அறுத்த தாள். மதகுகளுக்கு அடியில் நீர் பாசி படர்ந்த கற்களின்மேல் வழிந்துகொண்டிருந்தது. எது கோயில் கல், எது மலைக்கல் என்று குனிந்து குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. இந்த அணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் புதிய ஆலயம் வேண்டாம் என்றும் நான் ஒருநாளும் சொன்னதில்லை. மழை நாளில் நனையாமல் பூசை காண்கிறார்கள் மக்கள். மதிலை இழந்த ஊராராவது தடுக்கப் போனார்கள்.

அணைக்கரைப் பாலம் குறுகலானது. எதிரே வரும் வண்டிகளுக்கு வழிவிட்டுக் காத்து நின்றோம்.

"அந்தக் கல்லில் எத்தனை பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறது, மாமா?" என்று கேட்டார் மருமகன், சாலையைப் பார்த்தபடியே.

சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். முதல் வரி எளிதாக வந்தது. இரண்டாம் வரியில் இருவர். ஐந்து வண்டி மணல் கொடுத்தவர் எங்கள் தெருக்காரரின் பாட்டனார். விரல்விட்டு எண்ணி, எழுதி, அடித்து, மறுபடி எழுதியதில் ஏழு பெயர் தேறின. ஏழுக்குமேல் எவ்வளவு முயன்றும் வரவில்லை.

பின்னிருக்கையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த என் மனைவி நிறுத்தினாள்.

"கடைசி வரியில் ஒரு பொம்பளை பெயர் இருக்குமே" என்றாள். "சனிக்கிழமை சனிக்கிழமை கோயில் பெருக்கிக் கழுவினது நாங்கதானே. விளக்குமாறு பட்டுப் பட்டுப் பெயர் தேய்ஞ்சு போச்சு. 'அம்மாள்' மட்டும்தான் தெரியும். அவள் கொடுத்தது ஒரு வெண்கலச் செம்பு."

எட்டாவதாக, 'அம்மாள் - வெண்கலச் செம்பு ஒன்று' என்று எழுதிக்கொண்டேன். எதிர்வண்டிகள் கடந்து முடிந்தன. மருமகன் காரை நகர்த்தினார்.

"கும்பகோணத்துக்கா, மாமா?"

"ஊருக்கு விடுங்கள், மாப்பிள்ளை" என்றேன். "மணல் கொடுத்தவர் வீட்டில் ஒரு கிழவி இருக்கிறாள். அவளைக் கேட்க வேண்டும்."