பத்தாவது சீட்டு

எங்கள் வீட்டு அலமாரியில் 'டொமினியன்' என்ற சீட்டாட்டப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் 'மிலிஷியா' என்ற பெயரில் பத்துச் சீட்டுகள் உண்டு. ஒன்பது அச்சடித்து வந்தவை. பத்தாவதை என் மகள் பேனாவால் எழுதினாள், தமிழில்.

டொனால்ட் எக்ஸ். வக்கரினோ என்ற அமெரிக்கர் உருவாக்கிய ஆட்டம் இது. ரியோ கிராண்டே கேம்ஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதைப் பெற்றது. ரம்மியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கட்டு. இதில் ஆளுக்கொரு கட்டு. தொடங்கும்போது எல்லோரிடமும் இருப்பது ஒன்றுதான்: ஏழு செம்புக் காசு, மூன்று துண்டு நிலம். ஒரு முறைக்கு ஐந்து சீட்டு கைக்கு வரும். கையிலிருக்கும் காசைக் கொடுத்து நடுவில் இருக்கும் சீட்டுகளில் ஒன்றை வாங்கலாம். வாங்கியது உடனே பயன்படாது. கழித்த சீட்டுகளோடு போய்ச் சேரும். கட்டு தீர்ந்ததும் கழித்ததையெல்லாம் கலைத்துப் புதுக் கட்டாக்கி மறுபடி எடுக்க வேண்டும். அப்போதுதான் நாம் வாங்கியது நம் கைக்கு வரும். அதன்பிறகு ஆட்டம் முடியும்வரை வந்துகொண்டே இருக்கும். நல்லதை வாங்கியிருந்தால் நல்லது வரும். வேண்டாததை வாங்கியிருந்தால் அதுவும் வரும். ஒரு சீட்டைக் கட்டிலிருந்து ஒரேயடியாக விலக்குவதற்கு அதற்கென்றே உள்ள வேறொரு சீட்டு தேவை.

2011இல் அமெரிக்காவிலிருந்து வந்த தம்பி இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். இரண்டு முறை ஆடிவிட்டுப் பரணில் போட்டோம். 2020 ஊரடங்கில்தான் அது கீழே இறங்கியது. அப்போது பாளையங்கோட்டை வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், பதினொரு வயது மகள், எழுபதைத் தாண்டிய அம்மா. அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ரம்மியில் அவரிடம் யாரும் ஜெயித்ததில்லை. "சொல்லிக் குடுங்கட்டி, ஆடிப் பாப்போம்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சீட்டிலும் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்வது என் வேலை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான்தானே.

மிலிஷியா வந்தது. அந்தச் சீட்டை இறக்குபவருக்கு இரண்டு காசு கிடைக்கும். மற்ற எல்லோரும் கையில் மூன்று சீட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழிக்க வேண்டும். நான் அதை இப்படிச் சொன்னேன்: "இதப் போட்டா மத்த ஒவ்வொருத்தனும் அவன் கையில மூணு சீட்டுதான் வச்சிருக்கணும்மா."

அம்மா தன் கையைப் பார்த்தார். என் கையையும் பேத்தியின் கையையும் பார்த்தார். "நம்ம வீட்டுல ஆம்பளையே கெடையாது. பொறவு யாருட்டி அவன்?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சீட்டைத் திரும்பப் பார்த்தால், ஆங்கிலத்தில் 'ஹிஸ்' என்றுதான் இருந்தது. 'பியூரோக்ராட்' சீட்டிலும் 'ஹிஸ்'. 'தீஃப்', 'ஸ்பை' சீட்டுகளிலும் அதே. பள்ளியில் எங்களுக்கு ஆங்கிலம் நடத்தியபோது 'ஹி' என்றால் 'ஷி'யும் அதில் அடக்கம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பி வளர்ந்ததால் அந்தச் சொல் என் கண்ணில் படவே இல்லை. ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு அது முதல் நாளே இடறிவிட்டது.

என்னைச் சுட்டது வேறொன்று. அந்த 'அவன்' தமிழுக்கு வேண்டியதே இல்லை. 'தன்', 'தம்' என்று நமக்கு இருக்கும் சொற்கள் ஆண் பெண் பார்ப்பதில்லை. "ஒவ்வொருத்தரும் தன் கையில மூணு சீட்டு வச்சிருக்கணும்" என்று சொன்னால் முடிந்தது. 'ஒருவர்' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல், அது பலர்பால் வினை கொள்ளும் என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் சொல்கிறது. ஒற்றை ஆளுக்குப் பன்மைச் சொல்லான 'தே'யைச் சொல்லலாமா என்று ஆங்கிலம் இன்றும் சண்டை போடுகிறது. நம் இலக்கணம் அதற்கு எப்போதோ இடம் கொடுத்துவிட்டது. ஆண்டுதோறும் வகுப்பில் இந்த நூற்பாவை நடத்துகிறேன். வீட்டில் சீட்டாட உட்கார்ந்ததும், ஆங்கிலத்தில் இருந்த ஆணைச் சொல்லுக்குச் சொல் இழுத்துவந்து அம்மாவின் முன்னால் உட்கார வைத்துவிட்டேன்.

சீட்டுகளின் பெயர்களிலும் அதையேதான் செய்திருந்தேன். 'தீஃப்' வந்தால் திருடன், 'ஸ்பை' வந்தால் ஒற்றன், 'மணிலெண்டர்' வந்தால் வட்டிக்காரன். இந்த ஆங்கிலப் பெயர்கள் ஆண் என்றும் சொல்லவில்லை, பெண் என்றும் சொல்லவில்லை. 'ன்' விகுதியை ஒட்டியது நான். 'விட்ச்' வந்தபோது மட்டும் தயங்காமல் சூனியக்காரி என்றேன். அந்தச் சீட்டை இறக்கினால் மற்றவர்களின் கட்டில் ஆளுக்கொரு சாபம் போய்ச் சேரும். முதல் பதிப்பில் நடுவில் வைத்து ஆடும் சீட்டுகள் 25 வகை. அவற்றில் பெயரைக் கேட்டதும் பெண் என்று நினைக்க வைப்பது அந்த ஒன்றுதான்.

"வட்டிக்காரன்" என்றதும் அம்மா விடவில்லை. "நம்ம தெருவுக்கே வட்டிக்குக் குடுத்தது எதுத்த வீட்டு அக்காதான? ஒங்கப்பா அவகிட்ட வாங்காத கடனா?" அப்பாவின் பழைய கணக்கு ஒன்று வெளியே வந்தது. அன்றைக்கு ஆட்டம் அத்தோடு நின்றது.

சில வாரம் கழித்து ஒரு மிலிஷியா சீட்டின் மேல் காபி கொட்டிவிட்டது. கொட்டியது நான். விசிறிக்கு அடியில் காயவைத்தோம். காய்ந்து உப்பிக்கொண்டது, முதுகில் கறை விழுந்துவிட்டது. இந்த மாதிரி ஆட்டத்தில் சீட்டின் முகத்தைவிட முதுகு முக்கியம். கலைத்துக் கவிழ்த்து வைத்த பிறகு எது எங்கே இருக்கிறது என்று தெரியக் கூடாது. கறை பட்ட சீட்டு, மடங்கிய சீட்டு, நிறம் கொஞ்சம் வேறாக அச்சான சீட்டு எல்லாமே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். மாற்றுச் சீட்டுக்கு உரிய முதல் விதி, முதுகு மற்றவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான். அது ஒத்துப்போகாததால் கட்டு முழுவதற்கும் பிளாஸ்டிக் உறை வாங்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

நல்லவேளையாகப் பெட்டிக்குள் முகத்தில் ஒன்றும் அச்சிடாத வெற்றுச் சீட்டுகள் சில இருந்தன. முதுகு மற்ற சீட்டுகளுடையதேதான். மகள் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தமிழ்லயே எழுதட்டுமாம்மா? ஆச்சி படிப்பாங்கல்ல."

என்ன எழுதுவது என்று எங்களுக்குள் வாக்குவாதம். நான் "ஒவ்வொருவரும் தம் கையில்" என்றேன். அவள் "அவங்க கையில" என்றாள். பேச்சில் அப்படி எழுதக் கூடாது, "அவர்" என்று வேண்டுமானால் எழுது என்றேன். "அவர்னா ஆம்பளதானம்மா" என்றாள். வாயடைத்துப்போனேன். ஏட்டில் 'அவர்' இருபாலுக்கும் பொது. எங்கள் வீட்டிலும் தெருவிலும் அப்படி இல்லை. "அவர் வந்தாரா?" என்றால் கேட்பது கணவரைப் பற்றியோ மாமனாரைப் பற்றியோ வாத்தியாரைப் பற்றியோதான். அதே மரியாதையோடு ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் 'அவங்க'. ஆண், பெண், ஒருவர், பலர் எல்லோருக்கும் பேச்சில் இடம் கொடுக்கும் சொல்லும் அந்த 'அவங்க'தான். பதினொரு வயதுப் பிள்ளைக்குக் காதில் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அவள் எழுதியபடியே விட்டேன்: "படை. 2 காசு. மத்தவங்க எல்லாரும் அவங்க கையில 3 சீட்டு மட்டும் வச்சுக்கணும்." கீழே ஒரு சின்ன வாள் வரைந்தாள். வாளைப் பிடித்திருந்த கையில் வளையல் இருந்தது.

2022இல் தம்பி விடுமுறைக்கு வந்தபோது சிறிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். 2016இல் டொமினியன் இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. முதல் பதிப்பின் 25 வகையில் ஆறை நீக்கிவிட்டு ஏழு புதிய வகைகளைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய பெட்டியை வைத்திருப்பவர்களுக்காக அந்தப் புதிய ஏழையும் மட்டும் தனியாக விற்றிருக்கிறார்கள். நீக்கிய ஆறில் 'தீஃப்', 'ஸ்பை' இரண்டும் உண்டு. புதிதாக வந்த 'பேண்டிட்' சீட்டை மகள் வாசித்தாள். பாதியில் நிறுத்தி, "அம்மா, இதுல 'தெயர்'னு போட்டிருக்கு" என்றாள். தேடிப் பார்த்தால், இரண்டாம் பதிப்பில் 'பியூரோக்ராட்' போன்ற பழைய சீட்டுகளின் வாசகத்திலும் 'ஹிஸ்' போய் 'தெயர்' வந்திருக்கிறது. மிலிஷியாவில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள்.

மூன்று பேருக்கும் சந்தோஷம். எங்கள் சண்டையை எங்கேயோ யாரோ போட்டு முடித்தது போல இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். தம்பி கொண்டுவந்த பெட்டியில் புதிய வகைகள் மட்டும்தான் இருந்தன. வாசகம் மாற்றிய மிலிஷியா அதில் இல்லை, பியூரோக்ராட் இல்லை. அவை வேண்டுமென்றால் புதுப் பெட்டி வாங்க வேண்டும். பழைய பெட்டிக்காரர்களின் கட்டில் 'ஹிஸ்' சீட்டும் 'தெயர்' சீட்டும் கலந்தே கிடக்கும். திருத்தம் இனி வருகிறவர்களுக்கு முழுதாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைப்பது துணைச் சீட்டுகள். மீதியை அவரவரே வெற்றுச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு இது புதிய ஏற்பாடு அல்ல.

இதையெல்லாம் வீட்டு வேடிக்கையாகவே வைத்திருந்திருப்பேன். சென்ற ஆண்டு முதுகலை மாணவி ஒருத்தியின் ஒப்படைப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். நவீனக் கவிதை பற்றியது. "வாசகன் தன் அனுபவத்தைக் கொண்டு கவிதையின் இடைவெளிகளை நிரப்புகிறான்" என்று ஒரு வரி. சிவப்புப் பேனாவை எடுத்து 'வாசகன்' என்பதைச் சுழித்தேன். 'ஏன் ஆண்?' என்று ஓரத்தில் எழுதப்போகும்போதுதான் மேற்கோள் குறிகள் கண்ணில் பட்டன. அந்த வரி என்னுடைய ஆய்வேட்டிலிருந்து எடுத்தது.

வீட்டுக்கு வந்து ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு இயலில் மட்டும் 31 'வாசகன்'. 'கவிஞன்', 'படைப்பாளன்', 'மனிதன்' எல்லாம் தனி. அப்போதே நான் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். என் கவிதைகளை வாசித்துக் கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஒருத்திகூட அந்த 31 இடங்களில் இல்லை. நானும் இல்லை. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. 'வாசகர்' என்று எழுதினால் யாரும் தடுத்திருக்கவும் மாட்டார்கள். அப்படி எழுதினால் ஆய்வுமொழி போலக் கம்பீரமாக இருக்கும் என்று நம்பினேன், அவ்வளவுதான். அன்றைக்கு விரும்பி வாங்கிக் கட்டில் சேர்த்த சீட்டு. பல முறை கலைத்துப் போட்டாகிவிட்டது. இப்போது இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கைக்கு வந்திருக்கிறது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "இது என் தப்பும்மா, மாத்திரு" என்றேன். "மேற்கோள மாத்தக் கூடாதே மேம்" என்றாள். சரிதான், நான் நடத்திய பாடம்தான். பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் ஆய்வேட்டின் பக்கங்களை நான் போய் மாற்ற முடியாது. மாற்றவும் கூடாது. 2011 பெட்டியில் 'ஹிஸ்' அச்சாகியிருப்பது போல, நான் அப்படி எழுதினேன் என்பதும் இருக்கட்டும். வேறு என்ன செய்யலாம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடிக்குறிப்பு போடலாமா மேம்?" என்றாள். மேற்கோளை அப்படியே விட்டாள். கீழே, இந்த ஆய்வேடு வாசிப்பவரை ஆணாகவே கொள்கிறது, இந்தக் கட்டுரை அப்படிக் கொள்ளவில்லை என்று இரண்டு வரி சேர்த்தாள். அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் 'வாசிப்பவர்' என்றே எழுதினாள். என் வரியைவிட அந்த இரண்டு வரி நன்றாக இருந்தது. அதற்கு மதிப்பெண்ணும் போட்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறோம். நடுவில் இருக்கும் சீட்டுகள் முகம் மேலே தெரியத்தான் அடுக்கப்பட்டிருக்கும். மிலிஷியா வாங்கக் காசு சேர்ந்ததும் அம்மா மேலே இருக்கும் சீட்டை எடுப்பதில்லை. அடுக்கைக் கையிலெடுத்துப் புரட்டி, அடியிலிருக்கும் பேத்தியின் சீட்டைத் தேடி எடுத்துக்கொள்வார். எது எடுத்தாலும் வேலை ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"இருக்கட்டும்ட்டி. இதுதான நானே வாசிக்க சீட்டு" என்பார். அது கைக்கு வரும்போது யாரையும் கேட்காமல், எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் தரையில் போடுவார்: "மத்தவங்க எல்லாரும், அவங்க கையில..."

நாங்கள் இரண்டு பேரும் மூன்று சீட்டை வைத்துக்கொண்டு மீதியைக் கழிப்போம்.