எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்றார்கள். கவிதை எனக்கு வராது. எப்படிப் படித்தால் ஃபெயில் ஆகலாம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதையே எழுதுகிறேன்!

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நைனாவுக்குக் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை. அம்மா மீன் விற்கிறார்கள். எப்படிப் படிப்பது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி மனப்பாடம். பள்ளியில் கணக்கைக்கூட கைடைப் பார்த்து உருப்போட்டுத்தான் பாஸ் செய்தேன்.

டிப்ளமோவில் அந்தப் பருப்பு வேகவில்லை. கிரேமர் விதிக் கணக்கு ஒன்றை வரிக்கு வரி மனப்பாடம் செய்திருந்தேன். விடை 1, 2, 3. தேர்விலும் அதே மாதிரிக் கணக்குதான். எண்கள் மட்டும் வேறு. கை நடுங்கியது. கடைசியில் 1, 2, 3 என்றே எழுதிவிட்டு வந்தேன்! மதிப்பெண் 24.

முடிவு வந்தபோது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அம்மாவின் கூடை காலி. கம்மலை அடகு வைத்துத்தான் எனக்குப் பணம் கட்டியிருந்தார்கள். "பாஸா கண்ணு?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பொய் இரண்டு நாள் தொண்டையில் முள்ளாய் நின்றது. மூன்றாம் நாள் நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "இரு, இத்த முடிச்சிட்டு வரேன்" என்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு சிலிண்டரில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் டீசல் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார், சத்தத்தைக் கேட்டார், மறுபடி இறுக்கினார். முதல் மூன்றிலும் இன்ஜின் தடுமாறியது. நான்காவதில் சத்தம் மாறவே இல்லை.

"இதான்டா கோளாறு. வேல செய்யறத நிறுத்துனா இன்ஜின் தடுமாறும். வேல செய்யாதத நிறுத்துனா அதுக்கு இன்னா தெரியும்?"

"யாரு நைனா சொல்லிக் குடுத்தது?"

"ஒண்ண மட்டும் மாத்து, மத்தத அப்பிடியே வுடு, இன்னா ஆவுதுன்னு பாரு. அவ்ளோதான்."

அன்றிரவு அதே கிரேமர் கணக்கைத் தரையில் சாக்பீசால் போட்டேன். சமன்பாட்டின் வலப்பக்க எண் ஒன்றை மட்டும் மாற்றினேன். டெல்டா அசையவே இல்லை! டெல்டா எக்ஸ், ஒய், இஸட் மட்டுமே வேலை வைத்தன. ஏன் என்று நானே கண்டுபிடித்தபோது விடிகாலை இரண்டு மணி. வலப்பக்க எண்கள் டெல்டாவுக்குள் வருவதே இல்லை! கைடு இதைச் சொல்லவில்லை, நட்டு சொன்னது.

பிறகு மற்றப் பாடங்களையும் கவனித்தேன். ஃபிட்டிங் ஷாப்பில் அரம் போடுவதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இடுக்கில் தெரியும் ஒளிதான் வாத்தியார். டிராயிங்குக்கு மனக்கண் வேண்டும். பொருளை மனதில் திருப்பிப் பார்க்காமல் எலிவேஷனும் பிளானும் வராது. சூத்திரங்களின் பெயர்களுக்கும் அலகுகளுக்கும் மட்டும் மனப்பாடம் போதும். ஆக, மனப்பாடமும் ஒரு சாவிதான். எல்லாப் பூட்டுக்கும் அதையே நுழைத்தது என் தவறு.

நம் துறைமுகத்தில் 1912-இல் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் கணித மேதை ராமானுஜன். இராயபுரத்தில் 1993-இல் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் முயற்சியில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகமே உருவானது. கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டதால் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர் அவர். காகிதம் விலை அதிகம் என்று சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். ஆனால் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனபின், ஹார்டியிடம் நிரூபணம் எழுதும் முறையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மேதைக்கே ஒரு சாவி போதவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்?

அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மறுபடி எழுத எவ்ளோ கட்டணும்?" என்று மட்டும் கேட்டார்கள். அந்த அரியரில் 58 வாங்கினேன். கம்மல் இன்னும் கடையில்தான் இருக்கிறது. வேலைக்குப் போய் மீட்க வேண்டும்.

தோழர்களே, அரியர் வைத்தவன் முட்டாள் அல்ல. எந்த நட்டு என்று கண்டுபிடிக்காதவன், அவ்வளவுதான். எனக்கு ஆங்கிலம் பேச மட்டும் இன்னும் வரவில்லை. அந்தப் பூட்டுக்குச் சாவி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் கேன்டீன் பக்கம் வாருங்கள். டீ என் செலவு!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்