டிரையார்த்ரசின் கால்கள்

விலங்கியல் பயிலும் விடுதி நண்பர் ஒருவர், டிரைலோபைட்டு என்னும் பண்டைக் கடலுயிரின் வார்ப்பொன்றை ஒருநாள் எனக்குக் காட்டினார். தமிழ் மாணவனாகிய யான் பொருளை நோக்குமுன் சொல்லை நோக்கினேன். முக்கூறுடையது என்பதே அப்பெயரின் பொருள் எனக் கேட்டவுடன், தலை, மார்பு, வால் என்பனவே அக்கூறுகள் எனத் துணிந்து, இலக்கிய மன்றத்தில் காரணப்பெயருக்கு எடுத்துக்காட்டாகவும் உரைத்துவிட்டேன். நண்பர் அவையில் வாய் திறந்திலர். அறைக்கு மீண்ட பின்னரே, “முதுகின் நடுமேடும் அதன் இரு மருங்குமாகிய மூன்றையே அப்பெயர் குறிக்கும். நீர் குறுக்கே பகுத்தீர், அது நெடுக்கே பகுந்துள்ளது” என்றார்.

நாணம் என்னை நூல்நிலையத்துக்கு ஈர்த்தது. அங்கே என் அறியாமை இன்னும் பெரிதாயிற்று. கல்லில் காணப்படுவனவற்றுட் பல, பாம்பு சட்டையுரிப்பது போல் அவ்வுயிர்கள் வளருந்தோறும் கழற்றிய ஓடுகளேயாம். கால்களோ மென்மையானவை, பெரும்பாலும் அழுகி மறைந்தன.

இதற்கு விலக்காய் நிற்பது டிரையார்த்ரஸ் என்னும் இனம். 1892-இல் வாலியண்ட் என்பவர், நியூயார்க் மாநிலத்து ரோம் நகரை அடுத்த பாறையில், உணர்கொம்புகளோடு கூடிய உருவங்களைக் கண்டார். ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகட்கு முன் சேற்றில் திடுமெனப் புதையுண்டவை அவை. உடலை உண்ட நுண்ணுயிர்கள் வெளிவிட்ட கந்தகம், சேற்றிலிருந்த இரும்போடு கூடிப் பொன்னிறக் கனிமமாகி, மயிரனைய உறுப்பையும் காத்தது. அழிக்க வந்தவையே காத்தன என்பதை நான் இருமுறை படித்தேன். யேல் பல்கலைக்கழகத்துப் பீச்சர் அவற்றின் அடிப்பக்கத்துப் பாறையைப் பொறுமையுடன் தேய்த்தகற்றிக் கால்களை வெளிப்படுத்தினார். ஒவ்வொரு காலும் இருகிளையானது: கீழ்க்கிளை நடத்தற்கு, இழைகள் நிறைந்த மேற்கிளை மூச்சுக்குரிய செவுள் என்பதை 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சி வலியுறுத்திற்று. 1904-இல் பீச்சர் மறைந்தபின் அவ்விடமே மறக்கப்பட்டு, 1984-இல் மீண்டும் கண்டறியப்பட்டதாம்.

2017-இல் வெளியான செய்தி இன்னும் வியப்புடையது. இவ்வினத்தின் சில உருவங்களில், தலையோட்டின் பக்கமூலைகளில் முட்டைத் திரள்கள் காணப்பட்டன!

அடுத்த மன்றக் கூட்டத்தில் என் பிழையைத் திருத்த ஐந்து நிமிடம் வேண்டிப் பெற்றேன். பெயர்க்காரணத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. தலையில் முட்டை என்றபோது அவை முழுதும் நகைத்தது. பின்வரிசையிலிருந்த நண்பர் மட்டும் நகையாது, தலையசைத்தார்.