விண்ணப்பத்தைப் போடு, பாப்பா

அன்புள்ள மருமகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். பல்கலைக்கழகம் ஒன்று சட்டத்துறைக்குத் தகுதிகாண் விரிவுரையாளர் கேட்டிருக்கிறது. "போடவா, வேண்டாமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே "நமக்கெல்லாம் குடுப்பாங்களா" என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரிதான் என்னை இரவு தூங்கவிடவில்லை. ஸ்பிரிங்வெளியிலும் பசறையிலும் ஹாலிஎலையிலும் உன்னைப் போலவே நினைக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் பதிலை எல்லாரும் வாசிக்கும் இந்த மடலிலேயே எழுதுகிறேன்.

நான் லண்டனில் ஒரு சட்டப் பீடத்தின் அலுவலகத்தில் வேலை செய்வது உனக்குத் தெரியும். ஆட்சேர்ப்புக் குழு கூடும் நாட்களில் குறிப்பெடுப்பது என் பொறுப்பு. போன மாதம் நான்கு பேர் வந்தார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும், எதிரில் மாணவர்கள் இருப்பார்கள். மூன்று பேர் திரையில் எழுத்துகளை ஓடவிட்டுப் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். நான்காவதாக வந்த பெண் திரையைத் தொடவே இல்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முன்வரிசைப் பையனிடம் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொன்னார். வாடகை வீட்டைக் காலி செய்யும்படி வீட்டுக்காரர் அனுப்பிய அறிவித்தல் அது. அவன் வாசித்து முடித்ததும், "இதில் எந்தத் தேதி பிழை?" என்று கேட்டுவிட்டு மௌனமாக நின்றார். தேதி பிழையானால் அறிவித்தல் செல்லாது, குடும்பம் வீட்டில் இருக்கலாம். பிள்ளைகள் தாங்களாகவே அதைக் கண்டுபிடிக்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. தன் அம்மாவுக்கு அப்படியொரு தாள் வந்தபோது தனக்குப் பதினொரு வயது என்று பிறகு குழுவிடம் சொன்னார். வேலை அவருக்குத்தான் கிடைத்தது.

அந்தப் பையன் வாசிக்கும்போது எனக்குத் தாத்தாவின் டிரங்குப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. நீ அதைப் பார்த்திருப்பாய், காம்பராவில் சாமி படத்துக்குக் கீழே இருக்கும். அதில் ஒரு பத்துச்சீட்டு உண்டு. தோட்ட நிர்வாகம் அதை நீட்டினால் வேலை போயிற்று என்று பொருள். லயத்துக் காம்பரா வேலையோடு சேர்ந்ததென்பதால், வேலை போனால் வீடும் போயிற்று. அப்படித்தான் தாத்தா ஒரு தோட்டத்தை விட்டு ஸ்பிரிங்வெளிக்கு வந்து சேர்ந்தார். இன்னொரு தாள், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம். கல்யாணமானவர்கள் 1946க்கு முன் ஏழு ஆண்டு தொடர்ந்து இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்பது விதி. ஒரு தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் தாத்தாவின் பெயர் ஒரு விதமாக இருந்தது, அடுத்த தோட்டத்தில் வேறு விதமாக. கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. மேன்முறையீட்டுக்கு நாள் குறித்திருந்தார்கள். வாசித்துச் சொல்ல ஒருவர் அகப்பட்டபோது அந்த நாள் தாண்டிப் போயிருந்தது. தாத்தா கைநாட்டு.

தாத்தாவுக்கு மட்டும் நடந்ததல்ல இது. 1947 பொதுத் தேர்தலில் நம் தோட்டத்து ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நம் ஆட்களில் பெரும்பாலானோரைப் பிரஜைகள் அல்லாதவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் பிரஜைகளுக்கு மட்டும் என்றானது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. கோடகன் பிள்ளை என்பவர் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டு வழக்காடினார். உயர் நீதிமன்றத்தில் தோற்று, லண்டனில் இருந்த இறுதி மேன்முறையீட்டு மன்றமான கோமறைக் கழகம்வரை போனார். ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை விதித்துச் சட்டம் செய்யக் கூடாது என்ற, அன்றைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைத்தான் அவர் நம்பியிருந்தார். தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது சட்டசபையின் இயல்பான உரிமை என்று சொல்லி 1953இல் அவரைத் தோற்கடித்தார்கள். கோமறைக் கழகம் அப்போது டவுனிங் வீதியில் கூடியது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அந்தச் சோல்பரி யாப்பின் உருவாக்கத்தில் டி. எஸ். சேனாநாயக்காவுக்கு ஆலோசகராக இருந்தவர் ஐவர் ஜெனிங்ஸ். 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், சட்ட அறிஞர். பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லித்தருகிறவர் நாட்டுக்கே சட்டம் எழுதும் மேசையிலும் உட்காருகிறார் என்பதற்காகச் சொல்கிறேன். அதனால்தான் விரிவுரையாளர் நியமனத்தை வெறும் உத்தியோகமாக என்னால் பார்க்க முடியவில்லை. கோடகன் பிள்ளை வழக்கை நீயும் அரசியலமைப்புச் சட்டத்தில் படித்திருப்பாய். வாக்கு இழந்தவரின் கொள்ளுப் பேத்தி வகுப்பின் முன்னால் நின்று அதே வழக்கைப் பாடமாக நடத்தினால், பிள்ளைகள் அந்தத் தீர்ப்பைக் கேட்கும் விதமே மாறும். மிச்சமிருந்த நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை தந்த 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003இல். நீ அப்போது பிறந்துவிட்டாய்.

இது பழைய கதை மட்டுமல்ல. 2024இல் தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் இடைக்காலத் தடை கிடைத்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று முடிந்தது. உன் அம்மா இத்தனையும் மலையில் கொழுந்து பறித்தபடி ரேடியோவில் கேட்டார். சம்பள நிர்ணய சபை எப்படிக் கூடுகிறது, வர்த்தமானியை எந்தக் காரணத்துக்காக நிறுத்தலாம் என்று அவருக்குத் தமிழில் விளக்க ஸ்பிரிங்வெளியில் ஒருவர் இல்லை. பதுளையில், பசறை வீதியில், 2005இலிருந்து ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பம் படிக்கலாம். சட்டத்துறை கிடையாது. நம் பிள்ளை சட்டம் படிக்க வேண்டுமென்றால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று ஊர் தாண்டித்தான் போக வேண்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஆட்சேர்ப்புக்கு அடிப்படை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 1997ஆம் ஆண்டு 721ஆம் இலக்கச் சுற்றறிக்கை. முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேல்நிலையை அது பார்க்கிறது. உன்னிடம் மேல்நிலை இருக்கிறது. சேர்ந்தபின் பட்டமேற்படிப்பை முடித்தால்தான் பதவி நிரந்தரமாகும். கஷ்டம்தான், ஆனாலும் உன்னால் முடியாததில்லை. நேர்முகத்தில் பாடம் எடுக்கச் சொன்னால் அந்தப் பத்துச்சீட்டை எடுத்துக்கொண்டு போ.

குழுவில் உட்காரப் போகிறவர்களும் இதை வாசித்தால் அவர்களிடம் ஒன்று கேட்பேன். தமிழில் சட்டம் கற்பிக்கும் ஆற்றலையும் தோட்டத் தொழிற்சட்ட அறிவையும் விளம்பரத்திலேயே தகுதியாக எழுதுங்கள். சட்டக் கல்லூரியை ஆங்கிலத்துக்கு மட்டும் மாற்ற 2020 டிசம்பரில் வந்த விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. மொழியைக் காப்பாற்றினால் போதாது, அந்த மொழியில் சொல்லித்தர ஆளும் வேண்டும். வகுப்புத் தரத்தில் ஒரு புள்ளியும் குறைக்கச் சொல்லவில்லை. தாத்தாவுக்கு வந்த கடிதத்தை ஒரு கைநாட்டுக்காரருக்குப் புரியும்படி வாசித்துக் காட்டச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள். யார் தேர்ந்தவர் என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒன்றை மறைக்க மாட்டேன், பாப்பா. வேலை கிடைத்தபின்னும் சோதனை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறைத் தலைவராக இருந்த குமாரவடிவேல் குருபரன், நாவற்குழியில் 1996இல் காணாமலாக்கப்பட்ட இளைஞர்களுக்காக ஆட்கொணர்வு மனுவில் தோன்றினார். 2019இல், அவர் நீதிமன்றத்தில் தனியாகத் தொழில் செய்யக் கூடாது என்று பல்கலைக்கழகப் பேரவை தடுத்தது. மறு ஆண்டு அவர் பதவியை விட்டார். சட்டம் கற்பிக்கிறவர் நீதிமன்றப் படி ஏறக் கூடாதென்பது பெரும் தவறு. வைத்தியம் கற்பிக்கிறவரை வார்ட்டுக்குள் போகாதே என்போமா? இதைத் தெரிந்துகொண்டே நீ போக வேண்டும்.

முடிவுத் தேதிக்கு நான்கு நாள் முன்பே பதுளைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டுவிடு. உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுத மறக்காதே. சான்றிதழ்களின் பிரதிகளை இரண்டு தடவை சரிபார். பிறப்புச் சான்றிதழிலும் பட்டச் சான்றிதழிலும் உன் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்.

அன்புடன்,
மாமா
லண்டன்